விருந்தினர் விண்மீனும் வீண் பெருமையும்



நெடுநாளாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை இன்று வெளிப்படையாக எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் இறுதிவரை படித்துவிட்டுப் பிறகு ஏசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"1054ஆம் ஆண்டில் வானத்தில் திடீரென்று ஒரு புதிய விண்மீன் தோன்றியது. அதை நம் சோழர்கள் அப்போதே கண்டறிந்து, கணித்து, கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். மேலைநாட்டார் ஆயிரம் ஆண்டு கழித்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்." இந்தப் பேச்சை நான் மேடைகளிலே கேட்டிருக்கிறேன், புலனக் குழுக்களிலே படித்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு முன்னாலும் ஒரு சிறப்புரையாளர் இதை முழங்கிக் கைதட்டல் வாங்கியதைக் கண்டிருக்கிறேன்.

எந்தக் கல்வெட்டு? எந்த ஊர்க் கோயிலில் இருக்கிறது? எந்த ஆண்டில் யார் படியெடுத்தது? இவற்றை அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் வினவவில்லை.

நான் சொல்கிறேன்: அந்த விண்மீனைக் கண்டதாக உறுதி செய்யப்பட்ட தமிழ்க் கல்வெட்டு எதுவும் இதுவரை அறியப்படவில்லை. இதைச் சொல்வதால் தமிழுக்கு இழுக்கு ஏற்படாது. இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளின் கைதட்டலை வாங்குவதுதான் தமிழுக்கு இழுக்கு.

அன்று வானில் நடந்தது என்ன?

முதலில் உண்மைக் கதையைப் பார்ப்போம். அது பொய்க்கதையைவிடப் பன்மடங்கு சுவையானது.

1054ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள். சீனத்தில் சோங் அரசமரபின் ஆட்சி. அரண்மனை வானியலார், இடப ஓரையின் கொம்பு நுனியில் இருக்கும் ஒரு விண்மீனுக்கு அருகே, அதற்கு முன் அங்கு இல்லாத ஓர் ஒளியைக் கண்டனர். வந்து சில காலம் தங்கிப் போகும் இத்தகைய ஒளிகளை அவர்கள் 'விருந்தினர் விண்மீன்' என்று அழைத்தார்கள். அந்த விருந்தினர் 23 நாள் பகல் வெளிச்சத்திலும் தெரிந்தார். இரவு வானில் 1056ஆம் ஆண்டு ஏப்ரல் வரை இருந்தார். ஏறத்தாழ இருபத்தொரு மாதம்! தோன்றிய நாளையும் மறைந்த நாளையும் இடத்தையும் அவர்கள் குறித்து வைத்தார்கள்.

வானியல் தலைவராக இருந்த யாங் வெய்தே என்பவர் இது பற்றி அரசருக்கு அறிக்கை தந்தார். அதில் என்ன சொன்னார் தெரியுமா? இது நாட்டுக்கு நல்ல நிமித்தம் என்றார். அதாவது, விண்மீன் ஏன் தோன்றியது என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய விளக்கம் முழுக்க நிமித்த நம்பிக்கை. ஆனால், அவர்கள் குறித்த நாளும் இடமும் சரியானவை. விளக்கம் காலத்தால் அழிந்தது. குறிப்பு காலத்தை வென்றது. இந்த வேறுபாட்டை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். என் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1731இல் சான் பெவிசு என்ற ஆங்கிலேயர் தொலைநோக்கி வழியே அதே பகுதியில் மங்கலான புகைத்திட்டு ஒன்றைக் கண்டார். 1758இல் பிரெஞ்சு நாட்டு மெசியே அதைக் கண்டு, பின்னாளில் தம் பட்டியலில் முதல் எண்ணாக வைத்தார். அதற்கு 'நண்டு விண்முகில்' என்று பெயர் வந்தது. 1921இல் பழைய ஒளிப்படங்களையும் புதிய ஒளிப்படங்களையும் ஒப்பிட்டபோது அந்த முகில் விரிந்துகொண்டே போவது தெரிந்தது. விரிகின்ற வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 900 ஆண்டுக்கு முன் அது ஒரு புள்ளியாக இருந்திருக்க வேண்டும். அதே 1921இல் சீனரின் பழைய விருந்தினர் விண்மீன் குறிப்புகளும் ஐரோப்பிய வானியலாரின் பார்வைக்கு வந்தன. 1928இல் எட்வின் அபிள் இரண்டையும் இணைத்துச் சொன்னார். 1942இல் சீனமொழி அறிஞரும் வானியலாரும் கூடி உட்கார்ந்து அந்த இணைப்பை உறுதி செய்தார்கள்.

பெரும் பொருண்மை உடைய ஒரு விண்மீன், தன் எரிபொருள் தீர்ந்து உள்ளகம் சரிந்து வெடித்ததே அந்த ஒளி. 1968இல் அந்த முகிலின் நடுவே, நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழலும் துடிப்பு விண்மீன் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் குறுக்களவில் நம் கதிரவனைவிட மிகுந்த பொருள் அடைந்து கிடக்கிறது! ஈப்போவிலிருந்து பத்துகாஜா வரைக்குமான தொலைவுக்குள் ஒரு கதிரவனை அடைத்ததாக எண்ணிப் பாருங்கள்.

ஆக, மருமத்தை விடுவித்தவர்கள் யார்? ஒரு நாட்டார் அல்லர். நாள் குறித்த சீனர், முகிலைக் கண்ட ஐரோப்பியர், விரிவை அளந்த அமெரிக்கர் எல்லாரும் சேர்ந்து 900 ஆண்டு இழுத்த தேர் அது. அந்தத் தேர்வடத்தில் நம் கையும் இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆசை சான்றாகாது.

1181: சத்திரத்து விருந்தினர்

அண்மையில் விடை கிடைத்த இன்னொரு விண்மீனின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

1181ஆம் ஆண்டு ஆகத்து மாதம். தமிழகத்தில் மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சிக்கு வந்து மூன்றாம் ஆண்டு. அப்போது காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் ஒரு விருந்தினர் வந்தார். சீனரும் சப்பானியரும் குறித்தார்கள். 185 நாள் தெரிந்தது என்று கணக்கும் வைத்தார்கள். அது தோன்றிய இடத்துக்குச் சீனர் வைத்திருந்த பெயருக்கு 'விருந்தினர் தங்கும் சத்திரம்' என்று பொருள்! சத்திரத்துக்கு அருகே விருந்தினர்.

இந்த விருந்தினர் விட்டுச் சென்ற சாம்பல் எங்கே? 1970களிலிருந்து ஆய்வாளர் பலர் '3சி 58' என்ற வானொலி அலை மூலத்தைச் சுட்டிக் காட்டினர். பாட நூல்களிலும் அது ஏறியது. ஆனால், அது விரியும் வேகம் கணக்கோடு பொருந்தவில்லை. அதன் அகவை சில ஆயிரம் ஆண்டுகள் இருக்கும்போலத் தெரிந்தது. முடிச்சு அவிழவில்லை.

2013இல் டானா பேட்சிக் என்ற அமெரிக்கர், அகச்சிவப்புத் தொலைநோக்கி எடுத்துப் பொதுவில் வைத்திருந்த படங்களைத் துழாவி வட்டமான ஒரு முகிலைக் கண்டார். அவர் சம்பளம் வாங்கும் வானியலார் அல்லர், ஆர்வலர். அவர் கண்டெடுத்த முப்பதாவது பொருளாகையால் அதற்கு 'பா 30' என்று பெயர். 2019இல் அதன் நடுவே ஒரு விந்தையான விண்மீன் இருப்பதை உருசிய, செருமானிய ஆய்வாளர் வெளியிட்டனர். அதன் வெப்பம் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பாகை. அதிலிருந்து வீசும் காற்றின் வேகம் நொடிக்கு 16,000 கிலோமீட்டர். நீரியமும் இல்லை, ஈலியமும் இல்லை. 2021இல் ஆங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகிலின் விரிவை அளந்தார்கள்: நொடிக்கு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். பின்னோக்கிக் கணக்கிட்டால் அகவை ஆயிரம் ஆண்டளவில் நின்றது. இடமோ அந்தச் சத்திரத்துக்கு அருகே! 2023இல் எடுத்த படத்தில், தீபாவளி வாணம் வெடித்துச் சிதறியதைப் போலக் கந்தக இழைகள் எல்லாத் திசையிலும் நீண்டிருந்தன. 2024இல் அவாயித் தீவின் கெக் தொலைநோக்கி அந்த இழைகளின் வேகத்தை அளந்தது. அந்தக் கணக்கும் 1181உடன் பொருந்தியது.

இரண்டு வெண்குறு விண்மீன்கள் ஒன்றில் ஒன்று கலந்து வெடித்தன. ஆனால் வெடிப்பு முழுமை பெறவில்லை. எஞ்சிய விண்மீன் அழியாமல் நடுவே கிடந்து எரிகிறது. இதுவே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். செத்தும் சாகாத விண்மீன்!

இதில் நான் கைதட்டும் இடம் ஒன்று உண்டு. பல்லாண்டுகளாகப் பாட நூலில் இருந்த விடையை, அளவு பொருந்தவில்லை என்றவுடன் அவர்கள் ஐயுற்றார்கள். 'எங்கள் ஆசான் சொன்னது' என்று கட்டிக்கொண்டு அழவில்லை. நாள் குறிக்கும் பழக்கம் ஒன்று. பிழையைத் திருத்தும் துணிவு மற்றொன்று. இந்த இரண்டும்தான் 840 ஆண்டு மருமத்தை விடுவித்தன.

"வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவாயா?"

இது எனக்கு முதலில் விழும் அடி. ஐயா, 1054இல் குறித்தவன் வெள்ளைக்காரன் இல்லை. சீனன். 1006ஆம் ஆண்டில், வரலாற்றில் பதிவான விண்மீன்களிலேயே மிக ஒளி வாய்ந்தது தோன்றியபோது அதை விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் எகிப்திய மருத்துவர் அலி இபுன் ரித்வான். பழைய விருந்தினர் விண்மீன்களின் பட்டியலைக் காத்துத் தந்தவர்களுள் ஒருவர் சப்பானியப் புலவர் புஜிவாரா நோ தெய்கா. 1230இல் தாம் ஒரு விருந்தினரைக் கண்டவுடன், முன்பு இப்படி வந்தவை எவை என்று வானியல் குடும்பத்தாரிடம் கேட்டுத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். 1006, 1054, 1181 மூன்றும் அதில் உள்ளன. அவர் பாட்டெழுதும் புலவர்; வானியலார் அல்லர். நம் புலவர் பெருமக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, கிழக்கு மேற்கு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. எழுதியவன், எழுதாதவன் என்பதே பேச்சு.

"ஓலைகள் அழிந்துவிட்டன, கடல் கொண்டுவிட்டது!"

இது இரண்டாவது அடி. ஓலைகள் அழிந்தது மெய்தான். கரையான் தின்றது, ஆற்றில் விட்டோம், அடுப்பில் எரித்தோம். ஆனால், அழிந்த ஓலையில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அழிந்த ஓலையைச் சான்றாகக் காட்டலாம் என்றால், எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் சொல்லலாமே! 'என் பாட்டனுக்கு ஈப்போவில் நூறு ஏக்கர் ஈயக் குத்தகை இருந்தது, பத்திரம் வெள்ளத்தில் போய்விட்டது' என்று நில அலுவலகத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள். என்ன விடை கிடைக்கும்?

ஓலை போனாலும் கல் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை கல்லில் இருக்கிறது. ஒரு நுந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள் என்ற கணக்கு இருக்கிறது. கிரகண நாளில் தந்த கொடை, அன்றைய கிழமை, அன்றைய நாண்மீன் எல்லாம் கல்வெட்டுகளில் இருக்கின்றன. ஆட்டை எண்ணி எழுதிய இனம், எண்ணத் தெரியாத இனம் அன்று.

1006இல் அந்தப் பேரொளி தோன்றியபோது இராசராசன் அரசாண்டான். பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்தது. தென்வானில் தோன்றியதால் சீனத்தைவிடத் தஞ்சையில் அது இன்னும் உயரத்தில் தெரிந்திருக்கும். 1054இல் விடியற்காலைக் கீழ்வானில் விடிவெள்ளியைப் போன்ற இன்னோர் ஒளி எழுந்தபோது காவிரிக்கரை உழவர் காணாமல் இருந்திருக்க மாட்டார். கண்டிருப்பார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் 'கண்டிருப்பார்கள்' என்பது ஊகம். 'எழுதினார்கள்' என்பது வரலாறு. கல்வெட்டு எழுதியவர்கள் கொடையையும் போரையும் எழுத வேண்டியவை என்று கருதினார்கள். வானத்து விருந்தினரை நாள் தவறாமல் எழுத அவர்களுக்குத் தனி அலுவலகம் இருந்ததாகத் தெரியவில்லை. சோழத் தூதர்கள் 1015இலும் 1033இலும் 1077இலும் சோங் அரசவைக்கே சென்றார்கள். வணிகம் வளர்ந்தது. அங்கிருந்த வான் பதிவுப் பழக்கம் நம்மிடம் வந்ததற்கு மட்டும் தடயம் இல்லை.

நாளைக்கே ஒரு கல்வெட்டில் அப்படி ஒரு வரி கிடைத்தால் முதலில் துள்ளுபவன் நானாகத்தான் இருப்பேன். அதற்கு யாராவது கல்வெட்டு எழுத்தைக் கற்க வேண்டும்; வெயிலில் நின்று படியெடுக்க வேண்டும். புலனத்தில் முன்னனுப்புவதால் கல்வெட்டு கிடைக்காது.

"பிள்ளைகளுக்கு இனமானம் வேண்டாமா?"

வேண்டும். கட்டாயம் வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். மெய்யான பெருமைக்கு நம்மிடம் பஞ்சமா?

புறநானூற்றின் 229ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கூடலூர் கிழார், வானிலிருந்து ஓர் ஒளி விழக் கண்டு, மன்னன் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் மன்னன் மாண்டான். அவருடைய அச்சம் நிமித்த நம்பிக்கைதான். யாங் வெய்தேயின் நம்பிக்கை போன்றதே. ஆனால், அந்த நள்ளிரவில் எந்த நாண்மீன் உச்சியில் நின்றது, எது சாய்ந்தது, எது எழுந்தது, எந்தத் திங்கள் என்று அவர் குறித்திருக்கிறாரே, அது மெய்யான வான் நோக்கு! இதை வகுப்பில் நடத்துங்கள். அது விண்மீன் வெடிப்பு அன்று, எரிமீன் என்பதையும் சேர்த்தே நடத்துங்கள்.

சென்னை வான்நோக்ககத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சவ்வாது மலையின் காவலூரில் 1986இலிருந்து 2.34 மீட்டர்த் தொலைநோக்கி இயங்குகிறது. எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்?

எல்லாவற்றுக்கும் மேலாகச் சுப்பிரமணியன் சந்திரசேகர். தமிழ்க் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். 1930இல், 19 அகவையில், கப்பலில் இங்கிலாந்து செல்லும் வழியில் கணக்குப் போட்டார். வெண்குறு விண்மீன் ஒன்று ஓர் எல்லைக்கு மேல் பொருண்மை தாங்காது என்றார். அந்த எல்லை கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935இல் இலண்டன் அவையில் எடிங்டன் என்ற பேரறிஞர் அதை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் வசை பாடவில்லை. 'எங்கள் முன்னோர் அப்போதே' என்று தொடங்கவும் இல்லை. கணக்கை மறுபடி மறுபடி சரிபார்த்தார். 1983இல் நோபல் பரிசு வந்தது. 1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கு அவர் பெயர். நண்டு விண்முகிலின் துடிக்கும் நெஞ்சை அந்தத் தொலைநோக்கி படம் பிடித்தது. 1181இல் வெடித்த வெண்குறு விண்மீன்களைப் பற்றிப் பேசுபவர் எவரும் சந்திரசேகர் எல்லையைச் சொல்லாமல் பேச முடியாது.

பார்த்தீர்களா? பழைய விருந்தினரின் கதையில் தமிழன் இருக்கிறான். நாம் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கல்வெட்டில் தேடினோம், அவன் கணக்கேட்டில் இருந்தான்.

பொய்யின் விலை

'போகட்டும் ஐயா, ஒரு சின்னப் பொய்யால் யாருக்கு என்ன கேடு?' என்று கேட்கலாம்.

திருநள்ளாற்றுக்கு மேலே செல்லும் செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்ற செய்தியைப் பெறாத தமிழர் உண்டா? தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் தாங்குகிறது. நின்றால் விழும். ஆறாம் ஆண்டு மாணவனுக்கு விளக்கிவிடலாம். ஆனால், அவனுக்கு அதை முன்னனுப்புபவர் அவனுடைய ஆசிரியராகவே இருந்தால்?

மலேசியத் தமிழர்களுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிக்குள் வந்தபோது என்ன சொன்னார்கள்? தமிழில் அறிவியல் கற்றால் முன்னேற முடியாது என்றார்கள். அத்திட்டம் கைவிடப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது அதே பேச்சு மறுபடியும் எழுந்தது. தமிழில் அறிவியல் முடியும் என்று நாம் வாதாடுகிறோம். துடிப்பு விண்மீன், வெண்குறு விண்மீன், அகச்சிவப்பு என்று சொல் இருக்கிறது. சொல்ல ஆளும் இருக்கிறோம். ஆனால், தமிழில் அறிவியல் என்ற பெயரில் பிள்ளைகள் மேடையில் கேட்பதெல்லாம் செயற்கைக்கோள் நின்ற கதையும் சோழர் கணித்த கதையுமாக இருந்தால், நம்மைப் பழிப்பவர்க்கு வேறு சான்று எதற்கு? அந்தப் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போய், அங்கே வேறினத்து மாணவன் ஒருவன் 'சான்று எங்கே?' என்று கேட்டால், தலை குனிவது சிறப்புரையாளர் அல்லர். அந்தப் பிள்ளைதான். அன்றோடு அவன் ஐயுறுவது ஒரு கதையை மட்டுமா? தமிழில் படித்த எல்லாவற்றையும் ஐயுறுவான். இதுதான் பொய்யின் விலை.

பெரட்டும் செக்ரோலும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். மலேசியாவிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில்தான் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ரப்பர் தோட்டத்தில் பிறந்தவை. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள். மின்விளக்கு இல்லாத அந்தக் களத்தில், சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் சிலிம் ரிவரிலும், அவர்கள் தலைக்கு மேல் இருந்த வானம் இன்று ஈப்போ நகரத்தில் நமக்குக் கிடைக்காது. வெள்ளி எழுவதைப் பார்த்தே நேரம் சொன்னவர்கள் அவர்கள்.

1946 பிப்ரவரியில், சப்பானியர் ஆட்சி முடிந்த ஐந்தாம் மாதம், வடமகுடம் என்ற கூட்டத்தில் ஒரு புதிய விண்மீன் ஒளிர்ந்தது. 1866இலும் ஒளிர்ந்த அதே விண்மீன்தான்; பக்கத்துச் செம்பெருமீனிடமிருந்து வளியை உறிஞ்சி, ஏறத்தாழ 80 ஆண்டுக்கு ஒருமுறை மேற்பரப்பில் வெடிக்கும் வெண்குறு விண்மீன் அது. பெரட்டு நேரத்தில் அது நம் தோட்டத்து வானில் வடக்கே நல்ல உயரத்தில் நின்றது. வானத்தோடு பழகிய கண்ணுக்குப் புலப்படும் ஒளி. சயாம் மரண ரயில்பாதையிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் நின்ற களத்தின் மேலே! யாரேனும் அண்ணாந்து 'இதென்ன புதுசு' என்று சொல்லியிருக்கலாம். எழுதிய தாள் ஒன்றையும் நான் கண்டதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பசித்த வயிற்றோடு மரம் சீவப் போனவர் கையில் எழுதுகோலைக் கொடுத்தவர் யார்?

ஆனால், அதே களத்தில் நாள் தவறாமல் எழுதப்பட்ட ஏடு ஒன்று இருந்தது. கிராணியாரின் செக்ரோல். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு அரை நாள், எந்த நாள் மழை என்று அதில் இருந்தது. 'நேற்று வந்தேன் ஐயா' என்று எவ்வளவு அழுதாலும் செக்ரோலில் இல்லை என்றால் சம்பளம் இல்லை. நம் முன்னோருக்கு இது தெரியும். பதிவின் ஆற்றலைத் தம் வயிற்றால் அறிந்தவர்கள் அவர்கள். சீன வானியலார் வைத்திருந்ததும் ஒரு செக்ரோல்தான். வானத்துக்கு வைத்த செக்ரோல். புதிதாக வந்தவரையும் வராமல் நின்றவரையும் நாள் போட்டு எழுதினார்கள். அதில் பெயர் இல்லாத நமக்கு இன்று சம்பளம் கேட்டு மேடையில் கூச்சலிடுகிறோம்!

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புப் பகுதி வந்தது. லயங்கள் இடிந்தன, பள்ளிகள் இடம் மாறின. எந்தப் பள்ளி எந்த ஆண்டு யாரால் தொடங்கப்பட்டது என்பதற்கே ஏடு இல்லாமல் தவிக்கிறோம். எண்பது ஆண்டுக்கு முந்திய நம் வரலாற்றையே எழுதி வைக்காத நாம், ஆயிரம் ஆண்டுக்கு முன் எல்லாவற்றையும் எழுதி வைத்தோம் என்று முழங்குவது எந்த முறையில் தகும்?

செய்ய வேண்டியது

பழித்துவிட்டுப் போவது என் நோக்கமன்று. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். காசு வேண்டா, தொலைநோக்கியும் வேண்டா.

1. நான்காம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு 'வான் ஏடு' ஒன்று தொடங்குங்கள். ஒரு பயிற்றுப் புத்தகம் போதும்.

2. வாரம் ஒரு நாளாவது, வீட்டு வாசலில் நின்று கண்டதை எழுதட்டும். நாள், மணி, ஊர், திசை, எழுதியவர் பெயர் ஆகியவை கட்டாயம். உயரத்தை அளக்கக் கையை நீட்டி முட்டியை மடக்கினால், ஒரு முட்டி ஏறத்தாழ பத்துப் பாகை.

3. முகில் மூடியிருந்தால் 'முகில் மூடியிருந்தது' என்று எழுதட்டும். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகள் மறைத்தால் அதையும் எழுதட்டும். காணாததும் ஒரு பதிவே.

4. பிழையை அழிப்பானால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு கிழித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுத வேண்டும். பிழையும் தெரியட்டும், திருத்தமும் தெரியட்டும்.

5. ஆண்டிறுதியில் அந்த ஏடுகளைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். பழைய தாள் வியாபாரிக்குப் போடாதீர்கள்.

6. மேடையில் யார் என்ன சொன்னாலும் 'எந்த நூலில் உள்ளது, ஐயா?' என்று பணிவோடு கேட்க மாணவருக்குக் கற்றுக்கொடுங்கள். கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள். விருந்தினராக வந்தவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விண்மீன் வெடிப்பு எப்போது எங்கே தோன்றும் என்று எவராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. இன்றிரவும் தோன்றலாம், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் தோன்றலாம். அப்படி ஒரு விருந்தினர் வரும்போது, பேராக்கின் ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளி மாணவியின் வான் ஏட்டில், தமிழில், நாளும் மணியும் திசையும் போட்டு ஒரு வரி இருக்க வேண்டும். சில நூறு ஆண்டு கழித்து ஒருவன் அதைத் தேடி எடுத்துப் படிக்கலாம். அவனுக்குச் சான்று கிடைக்கும்.

உங்கள் பள்ளியில் அத்தகைய ஏடு முன்பே இருந்தால் எழுதித் தெரிவியுங்கள். மறுப்பு இருந்தால் சான்றோடு எழுதுங்கள். இரண்டையும் வரவேற்கிறேன்.

அன்புடன்,
தமிழாசிரியன்